தேசம்மா ஏறும் வண்டி

காலை ஆறு பன்னிரண்டுக்கு ஏரிக்கோடியில் வந்து நிற்கும் மின்சார ரயில், ஒரு ஆடி மாதத்துத் திங்கட்கிழமையிலிருந்து, தேசம்மா ஏறாமல் கிளம்புவதில்லை என்று முடிவு செய்தது. ஏன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள வந்தவர்களெல்லாம் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். எங்களுக்கும் அது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. செங்கல்பட்டுக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் வீடும், கிண்டிக்கும் கடற்கரைக்கும் நடுவில் வேலையும் வைத்துக்கொண்டு, ஆயுளில் கால்வாசியைத் தண்டவாளத்தின் மேல் கழிக்கிற எங்களுக்கு ஒரே கேள்விதான், வண்டி எத்தனை மணிக்கு எடுக்கும்.

முதல் நாள் ஒன்பது நிமிஷம் நின்றது. சிக்னல் பச்சையாகத்தான் இருந்தது, கார்டு இரண்டு முறை மணியடித்தார், மோட்டார்மேன் கைப்பிடியைத் திருப்பினார், அடியில் மோட்டார் உறுமியது, சக்கரம் மட்டும் அசையவில்லை. அப்போதுதான் படிக்கட்டில் ஒரு பெண் ஓடி வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், கையில் ஒயர்கூடை, ஈரத்தலை. கிண்டியில் பதினைந்து மாடிக் கட்டடம் ஒன்றில் ஏழாவது, எட்டாவது மாடியைக் கூட்டித் துடைப்பவள், கான்ட்ராக்ட் வேலை. தெருக்குழாயில் அன்றைக்குத் தண்ணீர் தாமதமாக வந்திருக்கிறது. அவள் மகளிர் பெட்டியில் கால் வைத்ததும் வண்டி கிளம்பியது. நல்லவேளை, வண்டி லேட்டு என்று அவள் சாமியைக் கும்பிட்டாள். அதே பெட்டியில் இருந்த, எழும்பூரில் மூக்குக்கண்ணாடிக் கடை திறக்க வேண்டிய நான், யார் மேலாவது எரிந்து விழ வேண்டியிருந்ததால், அவள் கூடை என் காலில் இடித்ததற்காக அவளைத் திட்டினேன். அதைச் சொல்லாமல் மீதியைச் சொல்வது நியாயமில்லை.

இரண்டு வாரத்தில் விஷயம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. அவள் நேரத்துக்கு வந்தால் வண்டி நேரத்துக்குப் போகிறது, அவள் நாலு நிமிஷம் தாமதித்தால் வண்டியும் நாலு நிமிஷம் தாமதிக்கிறது. பொதுப்பெட்டியில் சீசன் டிக்கெட்காரர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்த நரசிம்மலு, பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா, எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதவர். அவள் ஒயர்கூடையை மட்டும் ஏற்றிப் பார்த்தார், வண்டி நகரவில்லை. அவள் தங்கைக்கு அவள் புடவையைக் கட்டி ஏற்றிப் பார்த்தார், நகரவில்லை, தங்கைக்குத்தான் கோபம் வந்தது. அவளையே ஒரு வாசலில் ஏற்றி மறுவாசலில் இறக்கிப் பார்த்தபோது, வண்டி அரைப்பெட்டி தூரம் போய் நின்றுகொண்டது. குறைந்தது அடுத்த ஸ்டேஷன் வரைக்குமாவது அவள் வரவேண்டும், ஞாயிற்றுக்கிழமையானாலும் தீபாவளியானாலும் வரவேண்டும் என்று அதற்கப்புறம் ஏற்பாடாயிற்று. லீவு நாட்களில் அவள் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து ஏறி, ஒரு ஸ்டேஷன் போய் இறங்கி, எதிர்வண்டியில் திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைப்பாள்.

அந்த ஒரு வண்டி நின்றால் அதன் பின்னால் வருகிற அத்தனை வண்டியும் நின்றது, பக்கத்துத் தடத்தில் போகிறவையும் ஏரிக்கோடிக்கு வந்ததும் துணைக்கு நிற்பதுபோல நின்றன. ரயில் நின்றால் தாம்பரத்தில் ஒரகடத்துத் தொழிற்சாலைப் பஸ்கள் ஆளில்லாமல் காத்திருந்தன, காரின் கதவு பொருத்துகிறவன் வராததால் கண்ணாடி பொருத்துகிறவன் சும்மா நின்றான், கோயம்பேட்டில் இறங்க வேண்டிய மூட்டையை இறக்க ஆளில்லாமல் கொத்தமல்லி வாடியது, துறைமுகத்தில் கண்டெய்னருக்குக் கையெழுத்துப் போடுகிறவர் பல்லாவரத்தில் நின்றுகொண்டிருந்தார், வடக்கே மீஞ்சூரிலிருந்தும் மேற்கே திருவள்ளூரிலிருந்தும் வந்தவர்கள் மாறவேண்டிய வண்டி இல்லாமல் ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். ஒரு கோடிக்கு மேல் ஜனம் உள்ள பட்டணம், ஈரத்தலையோடு ஓடிவருகிற ஒருத்தியின் கொலுசுச் சத்தத்துக்குக் காது கொடுக்கப் பழகியது.

பழகவும் செய்தது, அதுதான் எனக்கு இப்போதும் அதிசயம். ஏரிக்கோடியில் தெருக்காரர்கள் முறை போட்டு அவள் வீட்டுக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றினார்கள். எதிர்வீட்டுப் பூக்காரி ஐந்து மணிக்குக் கதவைத் தட்டி எழுப்பினாள். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் ஐந்து ஐம்பதுக்கு வாசலில் நின்று ஹாரனைத் தொடாமல் இருமுவார். கூழ் ஊற்றுகிற திருவிழாவில் மைக் செட்டை அவள் வீட்டுப் பக்கம் திருப்பக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாயிற்று. மகளிர் பெட்டியில் ஜன்னலோர இடத்தில் செங்கல்பட்டிலேயே யாராவது ஒரு கைக்குட்டையைப் போட்டு வைப்பார்கள். ஆயுத பூஜைக்கு நாங்கள் வழக்கமாகப் பெட்டிக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசி, பூசணிக்காய் உடைப்போம். அந்த வருஷம் முதல் பொரிப் பொட்டலம் அவளுக்குப் போனது, அவள் படம் போட்ட பேனரும் நடைமேடையில் ஏறியது. மனை விற்கிறவர்கள் 'தேசம்மா ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்' என்று விளம்பரம் செய்தார்கள். அதனால் அந்தத் தெருவில் வாடகை ஏறியது, அவள் வீட்டுக்காரரும் ஏற்றினார், அவள் தெருக்கோடியில் இன்னும் சின்ன வீட்டுக்குக் குடிபோனாள்.

பட்டணத்தின் வளர்ச்சியைத் திட்டமிடுகிற அதிகாரி ஒருவரும் வந்தார். பெரிய வரைபடத்தை அவள் வீட்டுத் தரையில் விரித்தார், இடம் போதாமல் ஒரு மூலை வாசலுக்கு வெளியே போனது. சிவப்புக் கோடு ரயில், நீலக் கோடு மெட்ரோ, புள்ளி வைத்ததெல்லாம் இனி வரப்போகிற சாலை என்று விளக்கிவிட்டு, ஜனத்தொகை இன்னும் எவ்வளவோ கூடப் போகிறது, அடுத்த இருபது வருஷத்துக்கு உங்கள் உத்தேசம் என்னம்மா என்று மரியாதையாகக் கேட்டார்.

"நாளைக்கு ரேசன்ல பாமாயில் போடறாங்க சார்," என்றாள் தேசம்மா. "அதுவரைக்கும்தான் யோசிச்சி வச்சிகிறேன்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

ஸ்டேஷன் மாஸ்டர் ஐசக்குக்கு வேறு தொல்லை. வண்டி தாமதித்தால் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். முதலில் சிக்னல் என்று எழுதினார், சிக்னல்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். மாடு குறுக்கே வந்தது என்று எழுதினார், எத்தனை மாடு என்று மேலிடத்தில் கேட்டார்கள். உண்மையை எழுத அவருக்குப் பேனா வரவில்லை. துப்புரவுத் தொழிலாளி ஒருத்திக்காக ரயில் காத்திருந்தது என்று எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எங்களிடமே கேட்பார். காரணம் என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு அவர் மூன்று வருஷம் ஓட்டினார்.

மூன்று வருஷத்தில் தேசம்மாவுக்கு ஒரு நாள்கூட லீவு இல்லை. இதை நாங்கள் கணக்கில் வைக்கவில்லை. ஒரு கார்த்திகை மாதம் அவளுக்கு விஷ ஜுரம், எழுந்திருக்க முடியவில்லை, வண்டி ஒரு மணி நேரம் நின்றது. நரசிம்மலுவும் இன்னும் மூன்று பேரும் போய் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். கம்பளிக்குள் பல் கிட்டி நடுங்கிக்கொண்டு அடுத்த ஸ்டேஷன் வரை வந்தாள். நாங்கள் பன்னும் மாத்திரையும் கொடுத்தோம், ஒருத்தி கால் அமுக்கிவிட்டாள், எவ்வளவு நல்லவர்கள் நாம் என்று எங்களுக்கே பெருமையாக இருந்தது. உத்திரமேரூரில் அவள் அண்ணன் இறந்தபோதும், அவள் வண்டி ஏறி இறங்கிவிட்டுத்தான் பஸ் பிடித்துப் போனாள். எடுக்கிற நேரம் தப்பிவிட்டது, முகம் பார்க்கவில்லை என்று மறுநாள் சொன்னாள். சொல்லும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், நாங்கள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம்.

அவளுக்குப் பிள்ளை என்று இருந்தது ஒரே மகள், யுவராணி. புருஷன் லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று. மகளை மீஞ்சூரில் கட்டிக்கொடுத்திருந்தாள், அதாவது பட்டணத்தின் அந்தக் கோடியில், போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் வளைகாப்பை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது, தேசம்மா எங்கே இருப்பாளோ அங்கேதான் என்று பெட்டியே தீர்மானித்தது. ஏழாம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கூடுவாஞ்சேரி தாண்டியதும் சந்தனம் பூசி, வண்டலூரில் வளையல் அடுக்கி, தாம்பரம் வருவதற்குள் புளிசாதமும் எலுமிச்சை சாதமும் தயிர்சாதமும் பரிமாறி முடித்தோம். கை நிறைய வளையலோடு யுவராணி அம்மாவைப் பார்த்து, பிறக்கும்போது நீ எங்கே இருப்பாய் என்று கேட்டாள். பெட்டியையே பிரசவ வார்டு ஆக்கிவிடலாம் என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தோம். தேசம்மா மட்டும் சிரிக்கவில்லை, நான் கவனித்தேன்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே, ஒன்பதாம் மாதம் யுவராணி ஏரிக்கோடிக்கு வந்துவிட்டாள். பங்குனியில் ஒரு புதன்கிழமை விடியற்காலை ஐந்தே முக்கால் மணிக்கு, தேசம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டு கூடையில் டிபன் டப்பாவை வைக்கும்போது, வலி எடுத்தது. இன்னும் நேரமாகும், ஏறி இறங்கிவிட்டு அரை மணியில் வந்துவிடலாம், அதுவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பூக்காரி சொன்னாள். தேசம்மாவும் செருப்பைப் போட்டுவிட்டாள். யுவராணி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், சின்ன வயதில் பால்வாடி வாசலில் பிடித்த மாதிரி. தேசம்மா கூடையை இறக்கி வைத்தாள். இருமிக்கொண்டு நின்ற ஆட்டோவில் மகளை ஏற்றி, ஸ்டேஷனைத் தாண்டி, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு விடச் சொன்னாள்.

ஆறு பன்னிரண்டு ஆயிற்று, ஆறரை ஆயிற்று, ஏழு ஆயிற்று. செங்கல்பட்டு வரைக்கும் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன, தாம்பரத்தில் பாலத்தின் மேல் ஜனம் நின்றது, பஸ்களில் ஜனம் தொங்கியது, சாலைகள் அடைத்துக்கொண்டன, பள்ளிக்கூடத்தில் மணியடிக்கிறவர் வரவில்லை, கோர்ட்டில் வாய்தா கேட்க வக்கீல் வரவில்லை, ஓட்டல்களில் மாவு பொங்கி வழிந்தது. ஐசக்குக்கு மூன்று போனிலும் மேலிடம். கடைசியில் அவரும் நரசிம்மலுவும் ஒரு போலீஸ்காரரும் கேட்டைத் தாண்டி நடந்தார்கள். பின்னால் நானும் போனேன். எதற்கு என்று கேட்டால், அவளைக் கூட்டிவரத்தான். கடைச் சாவி என் பையில் இருந்தது.

சுகாதார நிலையத்தின் வராந்தாவுக்கு அவள் வந்து நின்றாள். நரசிம்மலு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரே ஒரு ஸ்டேஷன், வாசலிலேயே கார் வைத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறோம், மொத்தம் பதினைந்து நிமிஷம் என்று சொன்னார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

"மூணு வருசத்துல ஒரு நாளு வரமாட்டேன்னு சொல்லிகிறேனா?" என்றாள் தேசம்மா. குரலை உயர்த்தவில்லை. "ஜுரத்துல தூக்கினு போனீங்க, வந்தேன். எங்கண்ணன் பொணமா கெடக்கும்போதும் வந்தேன். இன்னிக்கு எம்பொண்ணு கையப் புடிச்சினுகிறா. விட்டுட்டு வர்றதுக்கு எனுக்கு மனசு இல்ல. உங்க வண்டிய நான் நிக்கச் சொல்லல சார், அத்தயே கேட்டுக்கோங்க."

உள்ளேயிருந்து யுவராணி அம்மா என்று கத்தினாள், அவள் திரும்பிப் போய்விட்டாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்பதுகூடச் சின்ன வார்த்தை. மூன்று வருஷமாக அவள் மடியில் என் பையை வைத்திருக்கிறேன், அவள் கை முறுக்கைத் தின்றிருக்கிறேன், உனக்கு ஒரு நாள் வேண்டாமா என்று கேட்டதில்லை. நான் வராந்தாப் படியில் குறுக்கே உட்கார்ந்தேன். போலீஸ்காரர் நகரச் சொன்னார், கால் வலிக்கிறது என்றேன். கொஞ்ச நேரத்தில் எங்கள் பெட்டிப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள், நறுக்கின காய், தொடுத்த பூ எல்லாவற்றோடும் படியிலும் வேப்ப மரத்தடியிலும் உட்கார்ந்தார்கள், உள்ளே போக வழியில்லாமல் ஆயிற்று. அப்போது நரசிம்மலுவுக்கு அவர் முதலாளியிடமிருந்து போன் வந்தது. கப்பல் காத்திருக்கிறது என்று அந்தப் பக்கத்துக் கத்தல் எங்களுக்கே கேட்டது. அவர் போலீஸ்காரரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"பிரசவம் ஆவுது சார்," என்றார் போனில். போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த வார்த்தை எப்படிப் போனதென்று தெரியாது, தண்டவாளத்தின் வழியாகவேதான் போயிருக்க வேண்டும். ஏன் நிற்கிறது என்று கேட்டவர்களுக்கு, பிரசவம் ஆகுது என்று மறைமலைநகரில் சொன்னார்கள், பல்லாவரத்தில் சொன்னார்கள், மாம்பலத்தில் சொன்னார்கள். சைதாப்பேட்டையில் ஒருவர் தலைப்பிரசவமா என்று கேட்க, ஆமாம் என்றதும், அப்படியானால் நேரமாகும் என்று பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாராம். யாருக்குப் பிரசவம் என்று தெரியாமலே வில்லிவாக்கத்தில் ஒரு டீக்கடைக்காரர் எல்லோருக்கும் சும்மா டீ கொடுத்தாராம். ஒரகடத்துத் தொழிற்சாலையில் இத்தனை நாளாக ஒன்றாக வேலை பார்த்தவர்கள் முதல்முறையாக உனக்கு எத்தனை பிள்ளை என்று விசாரித்துக்கொண்டார்களாம். பட்டணம் அன்று காலை வேறு எதையும் செய்யவில்லை, காத்திருந்தது.

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு உள்ளே குழந்தை அழுதது. பெண் குழந்தை. அதே நேரத்தில் கேட்டுக்கு அந்தப் பக்கம் வண்டி ஹாரன் அடித்து, தானாக நகர ஆரம்பித்தது. நாங்கள் காயையும் பூவையும் வாரிக்கொண்டு ஓடினோம், ஐசக் கொடியை ஆட்டிக்கொண்டு ஓடினார், குழந்தையின் முகத்தை ஒருத்தியும் பார்க்கவில்லை. பழக்கதோஷம், வண்டி கிளம்பினால் நாங்கள் ஓடுவோம்.

மறுநாள் தேசம்மா வரவில்லை. வண்டி ஆறு பன்னிரண்டுக்கு வந்தது, அரை நிமிஷம் நின்றது, போய்விட்டது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அவள் தேவைப்படவில்லை. முதலில் நாங்கள் நம்பாமல் இருந்தோம், பிறகு நம்பினோம், பிறகு மறந்தோம். பேனர் காற்றில் கிழிந்தது, அடுத்த மாதம் அதே சட்டத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் ஏறியது. மனை விற்கிறவர்கள் மெட்ரோ வரப்போகிறது என்று எழுத ஆரம்பித்தார்கள். பூக்காரி கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினாள். ஜன்னலோர இடத்தில் ஒரு வாரம் கைக்குட்டை போட்டு வைத்தோம், எட்டாம் நாள் அங்கே நான் உட்கார்ந்தேன்.

நாற்பத்தோராம் நாள், சித்திரை வெயில் அப்போதே அடிக்க ஆரம்பித்திருந்தது, ஏரிக்கோடியில் வண்டி நின்று கிளம்பும்போது படிக்கட்டில் அவளைப் பார்த்தேன். ஈரத்தலை, ஒயர்கூடை. பேத்திக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு வர நேரமாகியிருக்கிறது. நாலு எட்டு ஓடினாள். வண்டி நிற்காது என்று தெரிந்ததும் ஓட்டத்தை நிறுத்திவிட்டாள். கூடையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, யார் மேலும் வருத்தமில்லாமல், அடுத்த வண்டிக்குப் பெஞ்சைத் தேடினாள். வண்டியைத் தவறவிடுகிற ஆயிரம் பேரில் ஒருத்தியாக அவள் நின்ற அந்த நிலையை நான் அவளுடைய ஜன்னலிலிருந்தே பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

எழுந்து சங்கிலியை இழுத்தேன். வாழ்க்கையில் முதல் முறை, அவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. இழுத்தது நான் ஒருத்திதான் என்று பகல் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம்தான் தெரிந்தது, அதே நேரத்தில் பொதுப்பெட்டியில் நரசிம்மலு இழுத்திருக்கிறார், முதல் வகுப்பில் டை கட்டின ஒருவர் இழுத்திருக்கிறார், மொத்தம் ஒன்பது பெட்டியில் இழுத்திருக்கிறார்கள். மோட்டார்மேனோ, நீங்கள் இழுப்பதற்கு முன்பே நான் பிரேக்கைப் போட்டுவிட்டேன் என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

வண்டி நின்றதும் தேசம்மா பயந்துதான் வந்தாள். ஏறியவள் சக்கரம் இருக்கிற பக்கம் குனிந்து பார்த்தாள், பிறகு எங்களைப் பார்த்தாள்.

"மறுக்கா ஆரம்பிச்சிடுச்சா?"

"இல்லக்கா," என்றேன். "வண்டி கெளம்பிடுச்சி. நாங்கதான் நிறுத்தினோம்."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நான் ஜன்னலை விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன். குழந்தைக்கு யார் ஜாடை, என்ன பேர் வைத்தாய், தலை நின்றுவிட்டதா, பால் குடிக்கிறதா என்று பெட்டி முழுக்க ஒரே நேரத்தில் கேட்டது, நாற்பது நாளாகக் கேட்க வேண்டியதையெல்லாம்.

நடைமேடையில் ஐசக் பதிவேட்டைத் திறந்தார். ஆறு பன்னிரண்டு வண்டி, ஒன்றரை நிமிஷம் தாமதம். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா வழக்கம்போல நின்றது. பிறகு அவர் கோடு போடாமல், நிறுத்தி நிதானமாக எழுதினார்: "ஆள் வரவேண்டியிருந்தது."